அவரை விதையும் ஏப்ரல் மாச வேலைகளும்

எங்க நியூ ஜெர்சியில வசந்தம் எப்ப வருதுன்னு நாலு பேர் நாலு விதமா சொல்லுவாங்க. பிப்ரவரி 2-ம் தேதி பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவுல ஒரு கிரவுண்ட்ஹாகை வளையிலேர்ந்து தூக்கி ஜோசியம் கேப்பாங்க. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சு அரசாங்கம் சொல்லும். காலண்டர்காரர் மார்ச் 20ம்பார். நான் இந்த மூணு பேரையும் நம்பறதில்லை மக்களே. எனக்குத் தெருமுனையில இருக்கற ஃபோர்சித்தியா புதர்தான் பஞ்சாங்கம். இலைன்னு ஒண்ணுகூட இல்லாம, குச்சி முழுக்க மஞ்சளா, மஞ்சப்பொடி டப்பாவைக் கவுத்த மாதிரி பூத்துச்சுன்னா ஷெட்டைத் திறந்து மண்வெட்டியை எடுத்துடலாம்.

எடுத்துடலாமே தவிர உடனே கொத்திடக் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடிச்சுட்டு விரலால தட்டணும். கொழுக்கட்டை மாதிரி கெட்டியா நின்னா இன்னும் ஈரம், வீட்டுக்குள்ள போய் காப்பி குடிக்கலாம். புட்டு மாவு மாதிரி உதிர்ந்தா ரெடி. ஈரத்துல கொத்தினா களிமண் கட்டி கட்டியாகி வருஷம் பூரா கல்லாட்டம் கிடக்கும். புட்டு சுடத் தெரிஞ்சவங்களுக்குத் தோட்டக்கலைப் பாடத்துல பாதி முடிஞ்சது :-)

முதல் வாரத்து வேலையெல்லாம் பெரும்பாலும் வேடிக்கை பாக்கறதுதான். அக்டோபர்ல ஊனின பூண்டு, பனியெல்லாம் தாங்கிட்டு, ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையா நிக்கும். புதினாவைப் பத்திக் கவலையே வேண்டாம், அதை ஒழிக்கத்தான் ஆள் தேடணும். பட்டாணியை மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்னிக்கு ஊனணும்னு இங்க ஒரு பழக்கம், நம்ம ஊர் ஆடிப்பட்டம் மாதிரி. போன வருஷத்துக் காய்ஞ்ச தண்டுகளை மட்டும் நான் அவசரப்பட்டு வெட்டறதில்லை. உள்ளே பொந்தா இருக்கற தண்டுல சின்னச் சின்னத் தேனீக்கள் குளிர் காலத்தைக் கழிக்கும். கொஞ்சம் சூடு பிடிச்சதும் அதுங்க வெளியே வந்தப்புறம் வெட்டினாப் போதும். "சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு கிடைச்சிருக்கு உங்களுக்கு"ன்னு தங்கமணி சொல்றதை நான் காதுல வாங்கறதில்லை.

அடுத்தது எங்க வீட்டு வி.ஐ.பி., கறிவேப்பிலை. தொட்டியில இருக்கு. ராத்திரிக் குளிர் 50 டிகிரிக்கு (நம்ம கணக்குல 10) கீழே இறங்கினா வீட்டுக்குள்ள வந்துடும். கொல்லையில தானா முளைச்சுக் கிடந்த ஒரு செடிக்கு இங்க தெக்குப் பாத்த ஜன்னல், விளக்கு, வெதுவெதுன்னு தண்ணி! ஊர்ல சொன்னா சிரிப்பாங்க. இத்தனை உபசாரத்துக்கு அப்புறமும் பிப்ரவரியில இலையெல்லாம் கொட்டி, காய்ஞ்ச குச்சியா நிக்கும். போதாக்குறைக்குத் தண்டுல பழுப்பா செதில் பூச்சி. சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு ஒவ்வொரு தண்டாத் துடைக்கணும். ஆபீஸ்ல ஆணி புடுங்கறதை விட இது எவ்வளவோ தேவலை.

ஊர்லேர்ந்து ஒரு கன்னைக் கொண்டு வந்துடலாமேன்னு கேப்பீங்க. கூடாது. கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பம்தான். ஆரஞ்சு மரங்களைக் கொல்ற ஒரு நோயைப் பரப்பற குட்டிப் பூச்சிக்கு இந்த இலைன்னா கொள்ளைப் பிரியம். 2005-ல ஃப்ளோரிடாவுல அந்த நோயைக் கண்டுபிடிச்சதிலேர்ந்து அங்க ஆரஞ்சு விவசாயமே ஆட்டம் கண்டுபோச்சு. அதனால இருக்கற செடியைக் காப்பாத்தறதுதான் வழி. செத்துப்போச்சோன்னு சந்தேகம் வந்தா, நகத்தால பட்டையை லேசாச் சுரண்டிப் பாக்கணும். உள்ளே பச்சை தெரிஞ்சா உசுரு இருக்குன்னு அர்த்தம். இந்த வருஷம் நுனியிலேர்ந்து சுரண்டிக்கிட்டே வந்தேன். பழுப்பு, பழுப்பு, பழுப்பு... அடியிலேர்ந்து ஒரு முழம் உயரத்துல பச்சை. அப்பாடா! அதுக்கு மேலே எல்லாத்தையும் வெட்டிட்டு, புளிச்ச மோரைத் தண்ணியா விளாவி ஊத்தினேன். மூணு வாரத்துல செம்பச்சையா ஒரு கொழுந்து. அன்னிக்கு ரசத்துக்கு கறிவேப்பிலை கடையிலதான் வாங்கினோம். அந்தக் கொழுந்துல கை வைக்க யாருக்கும் மனசு வரலை.

இதே நாட்கள்ல பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா அவரோட அத்தி மரத்துக்கு விடுதலை குடுப்பார். நவம்பர்ல கிளைகளை எல்லாம் கயித்தால இழுத்துக் கட்டி, சாக்கைச் சுத்தி, உச்சியில ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவுத்து வைப்பார். குளிர் காலம் முழுக்க அது தொப்பி போட்ட ஆள் மாதிரி வேலியோரம் நிக்கும். ஏப்ரல்ல ஒரு மேகமூட்டமான நாளாப் பாத்துச் சாக்கை அவிழ்ப்பார். "வெயில்ல அவிழ்த்தா பட்டை வெந்துடும்"னு விளக்கம் வேற. அவருக்கு அத்தி, எனக்கு கறிவேப்பிலை. வேலிக்கு ரெண்டு பக்கமும் ஒரே பைத்தியம்.

அவர்கிட்டேர்ந்துதான் ரட்கர்ஸ் தக்காளி எங்க வீட்டுக்கு வந்துச்சு. இங்கே இருக்கற ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல உருவாக்கி 1934-ல வெளியிட்ட ரகம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 250 வயசானப்ப, 2016-ல, ரட்கர்ஸ் 250ன்னு புதுசா ஒண்ணும் விட்டாங்க. மார்ச் கடைசியில வீட்டுக்குள்ள விளக்குக்கு அடியில விதை போட்டா, மே மாசத்துக்கு நாத்து தயார். ஆனா ஜன்னலோரம் வளர்ந்த நாத்து ரொம்பச் செல்லம். சட்டுன்னு வெளியே வச்சா இலை வெளுத்துப் போயிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழல், அடுத்த நாள் ரெண்டு மணி நேரம், அப்புறம் காலை வெயில்னு பத்து நாள் பழக்கணும். பாலர் பள்ளியில கொண்டு விடற மாதிரிதான்.

மே ரெண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம், முடிஞ்சப்புறம்தான் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் தரைக்கு இறங்கும். இங்கே குளிர் மண்டலங்களோட வரைபடம்னு ஒண்ணு இருக்கு. 2023-ல அதைப் புதுப்பிச்சப்ப நாட்டுல ஏறக்குறைய பாதி இடங்கள் அரை மண்டலம் சூடான பக்கம் நகர்ந்துடுச்சு. அதை நம்பி ஏப்ரல்லயே நட்டுட முடியுமா? முடியாது. குளிர்காலத்துல எவ்வளவு தூரம் குளிர் இறங்கும்ங்கறதோட சராசரிதான் அந்தப் படம். இன்னிக்கு ராத்திரி உறைபனி வருமா வராதான்னு அதுக்குத் தெரியாது.

சரி, இப்ப அவரைக்கு வர்றேன். இந்தப் பதிவே அதுக்காகத்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2009-ல அம்மா முதல் தடவை இங்க வந்து ஆறு மாசம் இருந்தாங்க. வந்த மூணாவது வாரம் பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல பிரசாத வரிசையில ஒரு மாமிகிட்ட பேச்சுக் குடுத்து, அடுத்த வாரமே ஆறு அவரை விதை வாங்கிட்டு வந்துட்டாங்க. கறுப்பு விதை, விளிம்புல வெள்ளையா ஒரு பட்டை. யாரு அந்த மாமி, எந்த ஊர், ஒண்ணும் கேட்டுக்கலை. "விதை குடுக்கறவகிட்ட விலாசமா கேப்பாங்க?"ன்னாங்க. அந்த வருஷக் கடைசியில ஊருக்குக் கிளம்பறப்ப ஒரு பழுப்புக் கவர்ல விதையைப் போட்டு, மேலே "அவரை. நல்ல காய்"ன்னு எழுதி என் கையில குடுத்தாங்க. அப்புறம் ரெண்டு தடவை வந்தாங்க. 2016-தான் கடைசி. இப்ப எம்பத்திரண்டு வயசு, முட்டி ஒத்துழைக்கலை. அவ்வளவு நேரம் விமானத்துல உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

இந்த அவரைக்கு நியூ ஜெர்சி ஒரு சோதனை. நம்ம ஊர்ல ஆடியில விதைச்சா தைக்குக் காய் வரும். பகல் குறுகினாத்தான் இது பூக்கும். மன்னார்குடியில ரொம்ப நீளமான பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். இங்க ஜூன்ல பதினஞ்சு மணி நேரம்! அதனால ஜூன், ஜூலை பூரா கொடி வேலியெல்லாம் படர்ந்து இலையாவே நிக்கும். ஆகஸ்ட் கடைசியில, செப்டம்பர்லதான் ஊதாவாப் பூ விடும். அக்டோபர்ல உறைபனி. நடுவுல இருக்கற கொஞ்ச நாள்ல காய்க்கணும், நாம சாப்பிடணும், அடுத்த வருஷத்துக்கு நாலு காயாவது கொடியிலேயே முத்திக் காயணும். பொரியலுக்கு வேணுமா விதைக்கு வேணுமான்னு வருஷா வருஷம் எங்க வீட்டுல ஒரு பட்டிமன்றம் நடக்கும். முதல்ல பூத்த ரெண்டு கொத்துல சிவப்பு நூலைக் கட்டிடுவேன். அதைத் தொடக் கூடாது.

போன வருஷம் செப்டம்பர்ல ஜோசியர் வந்தார். அதான், கிரவுண்ட்ஹாக். பெருச்சாளிக்குப் பெரியப்பா மாதிரி இருப்பார். வேலிக்கு அடியில வளை தோண்டி வந்து, அஞ்சு கொடியில நாலைத் தரையோட மொட்டையடிச்சுட்டுப் போயிட்டார். மிச்சம் இருந்த ஒத்தைக் கொடியில முத்தினது மூணே காய், பதினோரு விதை. பழைய விதை எதுவும் கையில இல்லை. கவர்ல அந்தப் பதினொண்ணும் குளிர் காலம் முழுக்க ஃப்ரிட்ஜ் மேலே இருந்துச்சு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் கை தானா ஒரு தடவை குலுக்கிப் பாக்கும்.

அம்மாவுக்கு இப்பல்லாம் பேச்சு கொஞ்சம் தடம் மாறும். பேரன் எத்தனாவது படிக்கறான்னு ஒரே போன்ல மூணு தடவை கேப்பாங்க. சொன்னதையே திரும்பச் சொல்லுவேன். ஆனா தோட்டத்துப் பேச்சு வந்தா மட்டும் குரலே வேற. ஏப்ரல் கடைசி வாரம் பதினொண்ணையும் ராத்திரி ஊற வச்சுட்டு, போன்ல சொன்னேன்.

"எத்தனை விதைடா இருக்கு?"

"பதினொண்ணும்மா."

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதே. மிதக்கறதைத் தூக்கிப் போட்டுடாதே, அதையும் ஊனு. சில சமயம் அதுவும் முளைக்கும்."

"சரிம்மா."

"அந்த எலி இருக்கா இன்னும்?"

கிரவுண்ட்ஹாகை ஞாபகம் வச்சிருக்காங்க! எனக்கு சந்தோஷத்துல சிரிப்பு வந்துடுச்சு.

காகிதக் கோப்பையில ஒண்ணொண்ணா ஊனி, அடுப்பு மேடைப் பக்கம் சூட்டுல வச்சேன். அஞ்சாம் நாள் வரைக்கும் ஒண்ணுமில்லை. ஆறாம் நாள் காலையில ஒரு கோப்பையில மண்ணு வெடிச்சு, கொக்கி மாதிரி வளைஞ்ச கழுத்து ஒண்ணு தெரிஞ்சுது. பத்தாம் நாளைக்குள்ள ஏழு. மிதந்தது ரெண்டுல ஒண்ணும் அதுல சேர்த்தி. மீதி நாலு வரலை. வாட்ஸப்புல படம் அனுப்பினேன். அக்கா படத்தைப் பெருசு பண்ணிக் காட்டியிருக்கா. உடனே போன்.

"ஏழும் உன் வீட்டுலேயே எதுக்கு? நாலு பேருக்குக் குடுடா. குடுத்தாத்தான் விதை தங்கும். உன்னுது போனா அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கலாம்ல? எனக்கு அந்த மாமி குடுத்தா மாதிரி."

இத்தனை வருஷமா கவர்ல போட்டுப் பூட்டி வைக்கறதுதான் பாதுகாப்புன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். விதைக்கு அது சரிப்படாது போல. நாலு வீட்டு மண்ணுல இருக்கறதுதான் அதுக்குப் பேங்க் லாக்கர்.

எதிர் வீட்டு குஜராத்தி பென்கிட்ட ஒரு கோப்பையை நீட்டினேன். இலையைப் பாத்ததுமே முகமெல்லாம் மலர்ச்சி. "அரே, பாப்டி!"ன்னாங்க. குளிர் காலத்துல அவங்க வீட்டுல செய்யற உந்தியு இந்தக் காய் இல்லாம நடக்காதாம். எத்தனையோ வருஷமா எதிரெதிர் வீட்டுல ஒரே காய்க்கு ரெண்டு பேரும் ஏங்கிட்டு இருந்திருக்கோம், பேர்தான் வேற. இத்தாலியத் தாத்தாவுக்கு ஒண்ணு குடுத்தேன். அவர் இதைச் சாப்பிடப் போறதில்லை, ஊதாப்பூவுக்காக கேட்டிருந்தார். வெள்ளைக்காரங்க நிறைய பேர் இதை அழகுக்குத்தான் வளர்ப்பாங்க. வர்ஜீனியாவுல ஜெஃபர்சனோட மாண்டிசெல்லோ தோட்டத்துலகூட பந்தல் போட்டு ஏத்தி விட்டிருக்காங்க. பூ அவருக்கு, காயும் விதையும் எனக்குன்னு ஒப்பந்தம்.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மூணாவதை வாங்கிட்டுப் போனார். இப்ப எங்க வீட்டுல நாலு. இந்த வாரக் கடைசியில வேலிக்கு அடியில ஒரு அடி ஆழத்துக்கு கம்பி வலையைப் புதைக்கணும், கீழ்ப்பக்கத்தை வெளிப்புறமா மடக்கி விடணும், தோண்டிட்டு வர்றவர் அதுல முட்டிக்கிட்டுத் திரும்பணும். அப்புறம் பந்தலுக்கு நாலு மூங்கில், கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு சட்டி எரு, தக்காளிக்குக் குச்சி.

அம்மா எழுதின கவர் இப்போதைக்குக் காலி. ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்கு, டேப் ஒட்டி வச்சிருக்கேன். அக்டோபர்ல தேவைப்படும்.