அரை அங்குலம்

புதிதாக வண்டி வாங்கியவர்கள் முதல் ஆறு மாதம் அதை ஓட்டுவதைவிட நின்று பார்ப்பதே அதிகம். நாங்களும் பார்த்தோம். 2024-இல் வாங்கிய ஹூண்டாய் க்ரெட்டா என் லைன். தெருவில் நிறுத்திவிட்டுப் படியேறும்போது இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். முன்பக்கத்தில் குறையில்லை. பின்னாலிருந்து பார்க்கும்போதுதான் மனம் ஒப்பவில்லை. அத்தனை பெரிய உடலுக்கு அடியில் சக்கரங்கள் ஒடுங்கி, வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவரின் மெலிந்த கால்களைப்போல் தெரிந்தன. இந்த உவமை எங்களில் யாருக்கு முதலில் தோன்றியது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

கவிதையும் கதையும் பேசிக்கொண்டிருந்தவர்கள் டயருக்கு இறங்கிவிட்டார்களே என்று நண்பர்கள் நினைக்கக்கூடும். நினைக்கட்டும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதும் ஒரு வாசிப்புதான். நாங்கள் அதைத் தாமதமாகக் கற்றோம்.

எங்கள் டயரில் 215/55 ஆர் 18 என்றிருந்தது. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவிலுள்ள 55-தான் புதியவர்களை ஏமாற்றுவது. அது ஓர் அளவு அல்ல, விகிதம். அகலத்தில் 55 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். அதாவது 118 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 694 மி.மீ. விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டினால் உயரமும் சேர்ந்து கூடிவிடும்.

சென்னையில் வண்டி அலங்காரம் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அங்கே ஒரு கடைக்காரர் எங்களை ஒரு பார்வையில் எடைபோட்டுவிட்டார். "சார், 19 இஞ்ச் போடுங்க. 235/45. மொத்த ஹைட் ஒரு மில்லிகூட மாறாது, ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். 694.1. மனிதர் சொன்னது அட்சர சுத்தம். மறுவாரமே 8 அங்குல அகல ரிம்மோடு முடித்துவிட்டோம். போல்ட் துளைகளின் வட்டம் 114.3 மி.மீ. பொருந்தியது. ரிம்மின் நடுத்துளை 73.1, வண்டியின் ஹப் 67.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். அதையும் கேட்காமலே போட்டுக்கொடுத்தார். ஆஃப்செட் பற்றியும் விளக்கினார். ரிம் ஓர் அங்குலம் அகலமானால், ஆஃப்செட் மாறாதவரை, அரை அங்குலம் உள்ளே போகும், அரை அங்குலம் வெளியே வரும். உள்ளே போவது சஸ்பென்ஷனில் இடிக்கலாம், வெளியே வருவது ஃபெண்டரில் உரசலாம். எங்களுக்கு இரண்டும் நேரவில்லை. பின்னாலிருந்து பார்த்தபோது வண்டி தோள் விரித்து நின்றது.

நிற்க. அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கே அம்மா என்றே இருக்கட்டும். வயது 72. கழுத்தெலும்புத் தேய்மானம் உண்டு. மாதம் இருமுறை தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு அவர் அக்காவைப் பார்க்க அழைத்துப்போவோம். சக்கரம் மாற்றிய பிறகு முதல் பயணத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வெயில் என்றார். அதற்கடுத்து ஏகாதசி. பிறகொரு நாள், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் ரயில்லயே போய்க்கறேன்" என்றார். ஒரு சின்னத் தலையணையைப் பையில் வைத்துக்கொண்டு போயும்விட்டார். சுதந்திரமாக இருக்க விரும்புகிறார் போலும் என்று நாங்கள் பெருமைகூடப் பட்டுக்கொண்டோம்.

நான்கு மாதம் கழித்துப் பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். "வண்டி ரொம்பத் தூக்கிப் போடுதாமே. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு வாயத் திறக்க மாட்டேங்கிறா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகும்போது ஒருவர், திரும்பும்போது மற்றவர் என்று முறைவைத்துப் பின்னிருக்கையில் உட்கார்ந்தோம். அதுவரை அங்கே உட்கார்ந்ததில்லை. ஓட்டுகிறவருக்கு அகன்ற டயர் தருவது சாலையின் தெளிவு. அதே தெளிவு பின்னால் இருப்பவரின் கழுத்தில் ஒவ்வொரு தட்டாக வந்து இறங்கியது. இரவு பழைய கணக்கை மறுபடி எடுத்தோம். 235-இல் 45 விழுக்காடு, 106 மி.மீ. முன்பு 118. மொத்த உயரம் மாறாமலிருக்க ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்திருந்தது. பக்கச்சுவரில் போனது அரை அங்குலம்தான். அந்தக் காற்றும் ரப்பரும்தான் குழிக்கும் முதுகுக்கும் நடுவே முதலில் நசுங்குபவை. போதாததற்கு எங்கள் டயர் கூடுதல் பாரம் தாங்கும் வகை. அதன் முழுத் திறனுக்குக் காற்றழுத்தம் அதிகம் வேண்டும் என்று நாங்கள் இறுக்கியே வைத்திருந்தோம். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. யார் பின்னால் உட்காருவார்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கும்போது உடனே பழையதற்கே திரும்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆசை அவ்வளவு எளிதில் விடுமா? பழைய 18 அங்குல ரிம்மிலேயே 235 போடலாமா என்று யோசித்தோம். எங்களைத் தடுத்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நவம்பர் மழை. தேங்கிய நீரில் ஸ்டியரிங் ஒரு கணம் எடையற்றுப்போனது. அகலமான டயர் தரையில் அதிகப் பரப்பைப் பற்றும் என்று நம்பியிருந்தோம். காற்றழுத்தம் அதேயானால் பரப்பு ஏறக்குறைய அவ்வளவேதான், வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் அது நல்லது. தேங்கிய நீரிலோ ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டியிருக்கிறது; காடிகள் தேய்ந்துவிட்டால் டயர் சீக்கிரமே மிதக்கும்.

கடைசியில் 225/55 ஆர் 18. பழைய ரிம், பத்து மில்லிமீட்டர் கூடுதல் அகலம், பக்கச்சுவர் 124 மி.மீ. மொத்த விட்டம் 1.6 விழுக்காடு கூடியது. முள் 100 காட்டும்போது, மீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், உண்மை வேகம் 101.6. பாரக் குறியீடு பழைய டயருக்குக் குறையாமல் பார்த்து வாங்கினோம். நான்கு பேரும் மூட்டைகளும் ஏறியபின் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்துகொண்டோம். முதல்முறை இதை வெறும் வண்டியில் செய்து திருப்தியடைந்திருந்தோம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இம்முறை எழுதித் தெரிவித்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019-இல் வண்டி மாற்றங்களைப் பற்றிச் சொன்னதை வாசித்தபின் வந்த பயம் அது.

பின்னாலிருந்து பார்த்தால் பெரியவரின் கால்கள் சற்றே தேறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அம்மாவிடம் டயர் மாற்றியதைச் சொல்லவில்லை. வாலாஜாபாத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தோம். தலையணை மடியிலேயே இருந்தது; அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

19 அங்குல ரிம்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை. மொட்டைமாடியில் கிடக்கின்றன. பங்குனி வெயிலில் வடாம் பிழிந்தபோது வேட்டி பறக்காமலிருக்க நாலு மூலைக்கும் அவற்றைத்தான் வைக்கச் சொன்னார் அம்மா. "நல்ல கனம்" என்றார்.