ஒரே சுருள், மூன்று வாசிப்பு



எழுதி முடித்த நூலை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, அதை வெளியிடப் பணத்துக்கு எங்கே போவதென்று கலங்குகிறவர்கள் நம் சபைகளில் பலர் உண்டு. தம் சாட்சியை எழுதியவர், ஊர்ச்சபையின் வரலாற்றைத் தொகுத்தவர், கீர்த்தனைகள் இயற்றியவர். நீங்களும் அவர்களில் ஒருவரானால், இவ்வாரச் சிந்தனை உங்களுக்கானது.

எரேமியா 36ஆம் அதிகாரத்தை இந்த நோக்கோடு ஒருமுறை வாசியுங்கள். தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதியது ஒரே ஒரு சுருள். அதை அவன் தேவாலயத்தில், கெமரியாவின் அறையிலிருந்து ஜனங்கள் கேட்க வாசித்தான். கேட்டவர்களில் ஒருவன் போய்ச் சொல்ல, பிரபுக்கள் பாருக்கை அழைத்து உட்காரவைத்து, மறுபடியும் வாசிக்கச் செய்தார்கள். மூன்றாம் முறை அது ராஜாவின் முன் வாசிக்கப்பட்டது. யோயாக்கீம் அதை அறுத்து நெருப்பில் எறிந்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரே பிரதி அதற்குள் ஒரு நகரத்தின் செவிகளை எட்டிவிட்டது. பவுலும் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் சொன்னார். நூல் என்றவுடன் ஆயிரம் பிரதிகளை நினைப்பது நமது காலத்துப் பழக்கம்.

நமது சபையின் மூத்த சகோதரி ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வேதாகம ஸ்திரீயாகக் கிராமம் கிராமமாய் நடந்து பணிசெய்த தம் தாயாரின் வாழ்வை மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி முடித்தார். பணம் கட்டினால் ஆயிரம் பிரதிகளும் வெளியீட்டு விழாவும் என்று ஒரு நிறுவனம் அவரிடம் பேசியிருந்தது. கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் தீர்மானித்துவிட்டு, “ஜெபம் பண்ணுங்க ஐயா” என்று வந்தார். யார் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் அம்மா என்று கேட்டேன். உறவினர், பழைய மாணவிகள், தாயாரை நேரில் அறிந்த முதிய பெண்கள் என்று பெயர் பெயராய் எண்ணினார். அறுபதைத் தாண்டவில்லை. மற்றத் தொள்ளாயிரத்து நாற்பதும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கும்.

ஆஃப்செட் அச்சில் பிளேட் செய்வதற்கும் இயந்திரத்தை ஆயத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு, நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவேதான் அதிகம் அச்சிட்டால் ஒரு பிரதியின் விலை குறைகிறது. அந்தக் குறைந்த விலையே புதிய எழுத்தாளரைக் கடனில் தள்ளுகிறது. டிஜிட்டல் அச்சில் பிளேட் இல்லை. ஐம்பது பிரதி போதுமென்றால் ஐம்பதே அச்சிடலாம். தேவைப்படும்போது மறுபடியும் போடலாம். சிறு நூலானால் முதுகு ஒட்டாமல் நடுவில் பின் அடித்தாலே போதும். எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்தாலும் பக்கம் மிச்சமாகும். தரங்கம்பாடியில் 1715இல் நிறைவுபெற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டு அச்சுப்பணியில், ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாய்த் தாளைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். சிக்கனம் நமது அச்சுக்கலையோடு பிறந்தது!

யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துவிட்டீர்களானால் மின்னூலுக்குச் செலவே இல்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தமிழ் நூல்களை இலவசமாய் வெளியிடுகிறது. ஒருமுறை அளித்த அந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. இதை ஆற அமர யோசித்துச் செய்யுங்கள். அமேசான் கிண்டிலிலும் கட்டணமின்றிப் பதிவேற்றலாம். ஆனால் அதன் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் தொண்ணூறு நாள் அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது. வெளியூர் வாசகருக்கு அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்னும் சேவையை நடத்துகிறது. அறிமுகமானபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. விளம்பரங்கள் உள்ள நூலுக்கு இச்சலுகை இல்லை. உங்கள் நூலின் கடைசிப் பக்கத்தை நகைக்கடைக்கு விற்றுச் செலவை ஈடுகட்ட நினைத்திருந்தால், அஞ்சலகத்தில் அது தடையாகும்.

ஆனாலும் நான் அந்தச் சகோதரிக்கு முதலில் சொன்னது அச்சகத்தைப் பற்றியல்ல. தாயாரை அறிந்தவர்களில் பலர் எண்பதைக் கடந்தவர்கள், கண் மங்கியவர்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் வாசிக்க இயலாது. அச்சுக்குக் காத்திருந்தால் சிலர் இராமலும் போகலாம். ஆதலால் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வாரம் ஓர் அதிகாரமாய் வாசியுங்கள் என்றேன். பேத்தி அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் வெளியூர் உறவினருக்கு அனுப்புகிறாள்.

முதல் வாரமே ஒரு பாட்டியம்மா இடைமறித்தார். “உங்கம்மாகிட்ட துணிக்குடை இருந்ததே இல்ல தாயி. ஓலைக்குடைதான். அந்தக் குடைக்குள்ளதான் என்னையும் கூட்டிக்கிட்டுப் போவாங்க.” ஆசிரியை வாசிப்பை நிறுத்தி, பென்சிலால் அடித்துத் திருத்தினார். எந்த அச்சகமும் பார்த்துத் தந்திருக்க இயலாத மெய்ப்பு அது. ஐம்பது பிரதியோ அறுபதோ, பன்னிரண்டு அதிகாரமும் வாசித்து முடித்தபின் அச்சிடலாமென்று இருக்கிறார். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது. வருகிற புதன்கிழமை நான்காம் அதிகாரம்.