மேசைக்கும் இதயம் உண்டோ?

இதயத்தைப் பாடாத கவிஞனும் இல்லை. இதயத்தைப் பறிகொடுக்காத கதாநாயகனும் இல்லை. நானோ இயற்பியல் மாணவன். முதுகலை இறுதியாண்டுச் செயல்திட்டமாக இதயமின் வரைவி ஒன்றைச் செய்யும் பணி எனக்கும் என் நண்பனுக்கும் வாய்த்தது.

1903-இல் ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர் விவரித்த கருவியின் எடை 250 கிலோவுக்கும் மேல்! நோயாளி உப்புநீர்த் தொட்டிகளில் கைகளையும் காலையும் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்களிடம் இருந்தவை உள்ளங்கையளவு ஆர்டுயினோ பலகை, ஏடி 620 என்னும் பெருக்கிச் சில்லு, 9 வோல்ட் பாட்டரிகள் இரண்டு, இரவல் மடிக்கணினி.

தோலின்மேல் கிடைக்கும் இதயத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான். சுவரில் ஓடும் மின்கம்பிகளிலிருந்து உடம்பில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோ அதைவிடப் பன்மடங்கு. சந்தை இரைச்சலில் குழந்தையின் முனகலைக் கேட்கும் வேலை!

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாலை திரையில் அலை எழுந்தது. எண்ணினோம், நிமிடத்துக்கு 60. துள்ளிக் குதித்தோம். புத்தகப் படத்தில் சிறு மேடு, கூர்முனை, மீண்டும் ஒரு மேடு என்று இருக்கும். எங்கள் திரையிலோ வழவழப்பான ஒரே மேடு. 'முதல் முயற்சிதானே' என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். அதுதான் வினையாயிற்று.

சத்தம் கேட்டு ஆய்வக உதவியாளர் வந்தார்.

"நாலு நாளா நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது தம்பி, எனக்கும் பாருங்களேன்."

பார்த்தோம். அவருக்கும் 60!

"ஒண்ணுமில்லண்ணே, நல்லா இருக்கு."

அன்று ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாராம். எங்கள் பேச்சை நம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பேராசிரியர் வந்து திரையைச் சற்று நேரம் பார்த்தார். "ஒயரைக் கழற்றி மேசைமேல் வையப்பா" என்றார். வைத்தேன். மேசைக்கும் துடித்தது, நிமிடத்துக்கு 60!

எங்கள் ஆர்டுயினோ நொடிக்கு ஏறத்தாழ 49 முறைதான் மின்னழுத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அப்படிப் படித்தால் நொடிக்கு ஓர் அலைபோலத் தோன்றும். சினிமாவில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் மெல்லச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். நாங்கள் அளந்தது மின்வாரியத்தின் இதயத்தை!

நண்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேதியியல் கட்டடத்தருகே அவரைக் கண்டுபிடித்தேன்.

"அண்ணே, நேத்து நாங்க சொன்னது தப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எத்தனையோ வாய்மொழித் தேர்வுகளில் நின்றிருக்கிறேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுங்கியதுபோல் எதற்கும் நடுங்கியதில்லை. அவர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அரசு மருத்துவமனையில் உண்மையான வரைபடம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார்கள்.

பிறகு நொடிக்கு 250 முறை படிக்கும்படி மாற்றினோம். முதலில் தெரிந்தது பட்டையான இரைச்சல்தான். இரைச்சலைத் தலைகீழாக்கி வலக்காலின் வழியே உடம்புக்கே திருப்பியனுப்பும் மூன்றாவது ஒயரைச் சேர்த்ததும் அது அடங்கியது. சிறு மேடு, கூர்முனை, மேடு என்று இதயம் தன் கையெழுத்தை இட்டது.

அவரை அழைத்தோம். வந்தார்; நாற்காலியில் உட்கார்ந்தார்; கையை மட்டும் நீட்டவில்லை.

"இருங்க தம்பி. முதல்ல மேசைக்கு வச்சுப் பாருங்க!"