காத்துக்கு எங்க போவீங்க தம்பி?

அன்புள்ள பம்ப் ரூம் அண்ணனுக்கு,

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாமக்கல், சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியும் ஓடும் இந்தப் பக்கத்தில் யார் படித்தாலும், தங்கள் பட்டறைத் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

நாமக்கல் தனி மாவட்டமான அடுத்த வருஷம், 1998. ஆடி மாதம். சேந்தமங்கலம் ஸ்டாண்டில் அப்பா ஒரு பழைய டீசல் அம்பாசிடர் ஓட்டிக்கொண்டிருந்தார். 1489 சிசி எஞ்சின், கம்பெனி கொடுத்ததே 37 குதிரைத்திறன்தான். அதில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளில் வண்டி முனகி நின்றுவிடும். அப்பா பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, ஏறி வந்தவர்களிடம் கொஞ்சம் இறங்கி நடக்கச் சொல்வார். அந்த ஆடிப் பதினெட்டில் ஒரு வயதான அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வளைவு ஏறினார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு 19 வயது. மறுநாளே வண்டியை, டீசல் பம்ப் சரிசெய்யும் உங்கள் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"பம்ப்ப ஏத்தி விடுங்கண்ணா, பவர் பத்தல" என்றேன். லாரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று கேட்டு வைத்திருந்தேன். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும், வண்டி பறக்கும்.

நீங்கள் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஏர் கிளீனரைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று கேட்டீர்கள். புகை எந்த வளைவிலிருந்து கறுக்கிறது என்று கேட்டீர்கள். எனக்கு இரண்டுமே தெரியவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்: "டீசல நான் ஊத்திருவனுங். காத்துக்கு எங்க போவீங்க தம்பி?"

அந்தக் கேள்விக்குள்தான் எஞ்சின் வித்தை முழுவதும் இருந்தது என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியை ஒரு தட்டு திறந்து மூடும். இந்தப் பழைய டீசலில் அந்தத் தட்டு கிடையாது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் தன் நெஞ்சு கொண்ட மட்டும் மூச்சை இழுக்கும். மிதிக்கிற மிதியில் மாறுவது டீசலின் அளவு மட்டும்தான். அதனால் பவரைக் கூட்டுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் டீசல் முழுதாக எரியக் கிட்டத்தட்ட பதினாலரை கிராம் காற்று வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் கலந்து எரிந்தாக வேண்டும் என்பதால் நடைமுறையில் அதைவிட நிறையவே வேண்டும். காற்று எட்டாத டீசல் கரியாகி, கறும்புகையாகக் குழாய் வழியே போகும். கூடுகிற சூடு பிஸ்டன் தலையையும் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் தின்னும். போதாததற்கு, ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். "பம்ப்புக்கு மலை தெரியாதுங், அது கீழ ஊத்துன அதே அளவத்தான் மேலயும் ஊத்தும்" என்றீர்கள். சமவெளியில் நின்று நான் கேட்ட பவர், மலைமேல் சோளக்காட்டில் வெறும் புகையாகப் போயிருக்கும்.

ஐந்து நாள் வண்டி உங்களிடம் இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு நாசிலையும் கழற்றி, டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்திக் காட்டினீர்கள். மூன்று மஞ்சு போலத் தூவின, ஒன்று சொட்டியது. சொட்டுகிற நாசிலில் எத்தனை டீசல் ஊற்றினாலும் அது முழுதாக நெருப்பாகாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றின் பிரஷரையும் சுவரில் சாக்பீஸால் எழுதினீர்கள். சரிசெய்த பிறகு பக்கத்திலேயே புது எண். பிறகு பம்ப்பை பெஞ்சில் ஏற்றி ஓட்டி, நாலு கண்ணாடிக் குழாயிலும் விழும் டீசலை ஒப்பிட்டுக் காட்டினீர்கள். "நாலு புள்ளைக்கும் ஒரே அளவு சோறு போடோணும். ஒருத்தனுக்கு அள்ளி வச்சு ஒருத்தனப் பட்டினி போட்டா வண்டி உதறாம என்ன பண்ணும்?"

ஹெட்டை இறக்கி வால்வுகளைப் பேஸ்ட் போட்டுக் கையாலேயே தேய்த்தீர்கள். தேய்த்து முடித்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கவனித்தீர்கள். ஒரு சொட்டுக் கசிந்தது. மறுபடி தேய்த்தீர்கள். டேப்பட் வைத்தீர்கள், டைமிங் பார்த்தீர்கள். சைலென்சரைத் தட்டியபோது உள்ளேயிருந்து வருஷக்கணக்கான கரி கொட்டியது. மூச்சை இழுத்தால் மட்டும் போதாது, விடவும் வழி வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கரிக் குவியலே சொன்னது.

கடைசியில் வண்டியின் உச்சியைக் காட்டி, "இந்தக் கேரியரையும் கழட்டிருங்க" என்றீர்கள். எனக்கு உடனே கோயம்புத்தூர் கரிவரதன் நினைவு வந்தது. பேப்பரில் வந்த ரேஸ் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தவன் நான். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் வண்டியைச் செய்து, இந்த நாட்டுப் பையன்களைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த மனிதர் அவர். 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்; இன்று செட்டிபாளையம் பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடும்பம் கடைக்குப் போகும் காரின் எஞ்சின் ரேஸ் ஓடியதற்குப் பெரிய காரணம், அது இழுக்க வேண்டிய எடை குறைவு. நோட்டில் ஒட்டி வைத்திருந்ததை நீங்கள் ஒரு கேரியரைக் காட்டிப் புரியவைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூட வந்தீர்கள். நாற்பதாவது வளைவு தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் போய்க் குனிந்து குழாயைப் பார்த்தீர்கள். பவர் கேட்டு வந்தவன் வண்டியில், பம்ப் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று குறைத்தீர்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் இழுவை குறையவில்லை. புகையும் சூடும்தான் குறைந்தன. அங்கிருந்து முதல் கியரில் நிற்காமல் ஏறினோம்.

இறங்கும்போது ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தீர்கள். "எந்தக் கியர்ல ஏறுச்சோ அந்தக் கியர்லயே இறக்குங்க. பவர் ஏத்தறவன் பிரேக்குக்கும் பொறுப்பு." உங்கள் வேலைச் சீட்டில் நாசிலுக்கும் மேலே, முதல் வரியில், பிரேக் லைனிங் இருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் கவனித்தேன். தொப்பூர்க் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் அந்த வரி என் கண்முன் வரும்.

அண்ணா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். சேலத்தில் எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. நாசிலைச் சாக்பீஸ் கணக்கில் பார்த்த காலம் போய்விட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு எந்தப் புது டீசல் காரைத் திறந்தாலும் காமன் ரெயில், டர்போ, கம்ப்யூட்டர். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்கு 1905-லேயே சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூக்கி காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் கேட்டதும் உங்கள் கேள்விதான்: காற்றுக்கு எங்கே போவது? வீணாகப் போகும் புகையையே சுழலியில் மோதவிட்டு, அந்த வேகத்தில் புதுக் காற்றை உள்ளே தள்ளினார். அந்தக் காற்றை இன்டர்கூலரில் ஆற்றினால் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அடங்கும். அதற்குப் பிறகுதான் கூடுதல் டீசலுக்கு உரிமை வருகிறது.

இப்போது பையன்கள் "ரீமேப் போடுங்கண்ணா" என்று வருகிறார்கள். லேப்டாப்பைச் செருகினால் அரை மணி நேரத்தில் எண்களை மாற்றிவிடலாம். அன்று நான் கேட்ட ஸ்க்ரூவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. நான் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுகிறேன். டர்போ ஹோஸில் கசிவு பார்க்கிறேன், இன்ஜெக்டர்களின் அளவு ஒத்திருக்கிறதா பார்க்கிறேன், கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் தேடிவந்த பவர் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அது அவர்கள் வண்டி எப்போதோ தொலைத்ததுதான். புகை வடிகட்டியைப் பிடுங்கச் சொன்னால் மறுக்கிறேன். கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதற்கும் மேல் வேகம் வேண்டும் என்பவனுக்காக ரேஸ் திடலில் மட்டும் ஓடும் வண்டியைத் தயார்செய்து கொடுக்கிறேன். செட்டிபாளையமோ இருங்காட்டுக்கோட்டையோ, எதிரே யாரும் வராத இடத்தில் ஓட்டட்டும்.

மறுத்தால் சிலர் முகம் சுளித்துப் போய்விடுகிறார்கள். அன்று நானும் அப்படிப் போயிருக்கலாம். நீங்கள் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு காசு வாங்கியிருக்கலாம். எனக்கு ஐந்து நிமிஷ வேலை போதும் என்றிருந்தது, நீங்கள் ஐந்து நாள் கொடுத்தீர்கள். அந்த ஐந்து நாளுக்குத்தான் இந்த மடல்.

அதற்குப் பிறகு அப்பா அந்த வண்டியைப் பதினோரு வருஷம் மலைக்கு ஓட்டினார். எந்த வளைவிலும் யாரையும் இறங்கி நடக்கச் சொல்லவில்லை. பின் சக்கரத்துக்குப் போட்ட அந்தப் புளியங்கட்டை டிக்கியிலேயே கிடந்தது. வண்டியை விற்ற அன்று அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது என் பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அதுதான் முட்டுக் கொடுக்கிறது. தினமும் காலையில் குனிந்து அதை நகர்த்தி வைக்கும்போது உங்களை நினைத்துக்கொள்கிறேன்.


சேந்தமங்கலம் அம்பாசிடர்காரர் மகன்