பனை நாட்டில் சொக்கலேற் உருண்டை

மதவாச்சியில் தொடங்கும் ஏ14 பாதை நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலாக ஓடித் தலைமன்னாரிலே கடலைக் கண்டு நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் இராமர் அணை என்றும் ஆதாமின் பாலம் என்றும் பெயர் பெற்ற மணற்றிட்டுக்கள்; அவற்றுக்கும் அப்பால் தனுஷ்கோடி. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் இப்பாதை வழியாகவே என் தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மீன் தின்னலாம், சோழகக் காற்றிலே ஒரு வாரம் கவலையின்றிப் படுத்துறங்கலாம் என்பதே என் எண்ணம். சொக்கலேற் உருட்டக் கற்றுக்கொண்டு திரும்புவாய் என்று எவரேனும் அப்போது சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன்.

முருங்கனைத் தாண்டியதும் கட்டுக்கரைக் குளத்தின் பரப்பு கண்ணிற் படுகின்றது. வயலும் நீரும் அவ்வளவோடு சரி. பின்னர் வருவது உவர்நிலமும் முட்செடியுமே. 2010 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியாகத் தீவினுட் புகுந்தால், 1560 இல் போர்த்துக்கேயர் கட்டி 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை ஒரு பக்கத்தில் மௌனமாய் நிற்கும். வீதியின் நடுவே கழுதைகள் நிற்கும். அவை வண்டிக்கு வழிவிடுவதில்லை, வண்டிதான் அவற்றுக்கு வழிவிட வேண்டும். பள்ளிமுனையிலே யானையின் கால்களைப் போலப் பருத்த பெருக்கமரம் ஒன்றுண்டு. அதன் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என்பர். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம், பிறநாட்டிலிருந்து வந்த பொருள் எதுவானாலும் இந்த மண் தன்னுடையதாக்கிக் கொள்ளும் என்று நினைப்பதுண்டு. அந்த நினைப்புக்கு இம்முறை எதிர்பாராத சோதனை ஒன்று வந்தது.

பேசாலையைக் கடந்தால் இருபுறமும் பனை. தலைமன்னார் வரையிற் பனை. தமக்கையார் வீடும் அப்பனைகளின் நடுவேதான் இருக்கின்றது. 1990 இல் அவர் குடும்பத்தோடு படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர். பல்லாண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இருக்கவில்லை. பனைகள் மட்டும் இருந்தன என்று சொல்லுவார். அதை அவர் துயரக் கதையாகச் சொல்வதில்லை. பனைகள் இருந்தனவே என்ற மகிழ்ச்சியோடு சொல்லுவார்.

நான் போய்ச் சேர்ந்த வேளையில் அடுக்களையில் ஒரே அமளி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் படிக்கும் அவருடைய பேர்த்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கூடவே மாத்தளையைச் சேர்ந்த தோழி ஒருத்தியும் வந்திருந்தாள். தோழி தன் ஊரின் பெருமையாகக் கறுப்புச் சொக்கலேற் கட்டிகள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தாள். மாத்தளைப் பகுதி கொக்கோ விளையும் நிலம் என்பது நேயர்கள் அறிந்ததே. அவற்றைக் கொண்டு 'ட்ரஃபிள்' செய்வதென்று இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"அதென்ன பிள்ளை, பேரே தொல்லை எண்டு கிடக்கு?" என்று தமக்கையார் கேட்டார்.

தொல்லை அன்று. பிரான்சு நாட்டிலே மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானுக்கு அப்பெயர். விலை மிக்க அக்காளானைப் போல உருண்டையாகவும் கரடுமுரடாகவும், மேலே கொக்கோத் தூள் புழுதிபோல ஒட்டியும் இருப்பதால் இந்த இனிப்புக்கும் அப்பெயர் வாய்த்தது. செய்முறையோ மிக எளிது. சூடாக்கிய பாலாடையைச் சொக்கலேற் துண்டுகளின் மேல் ஊற்றிக் கலக்கி, இறுகவிட்டு, உருட்ட வேண்டும். அவ்வளவே. ஆனால் அந்தச் செய்முறையை எழுதியவர் குளிர்நாட்டில் இருந்து எழுதியவர். சொக்கலேற்றிலுள்ள கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். அதற்கு முன்னரே இளகத் தொடங்கும். தலைமன்னாரின் பகற்பொழுது அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

பாலாடைக்கு எங்கே போவது? தேங்காய்ப் பால் போதுமென்று பெண்கள் துணிந்தனர். பழுதில்லாத எண்ணம். ஆயினும் திருவிய பூவில் நிறையத் தண்ணீர் விட்டு, முதற்பாலும் இரண்டாம் பாலும் ஒன்றாகப் பிழிந்து ஊற்றிவிட்டார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்த அரை மணி நேரத்தில் மின்சாரம் நின்றது. மாலையில் எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தில் இருந்தது உருண்டைக்குரிய களியன்று, குடிப்பதற்குரிய கஞ்சி. தோழியின் முகம் வாடிவிட்டது. அவள் அந்த உருண்டைகளை ஊருக்குத் தன் பாட்டிக்குக் கொண்டுபோக விரும்பியிருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அன்று பொழுது சாயும் வேளையில் எல்லோரும் இறங்குதுறைப் பக்கம் நடந்தோம். 1914 இல் புகையிரதப் பாதை இங்கு வந்தது. அவ்வாண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து வந்துகொண்டிருந்த கப்பலும் 1980களில் போரினால் நின்றது. போரிலே சிதைந்த தண்டவாளம் 2015 இல் மீண்டும் துறைவரை போடப்பட்டது. தண்டவாளம் முடியுமிடத்தில் தோழி நெடுநேரம் நின்றாள்.

அவள் நின்ற காரணம் அந்தக் கப்பலுக்கும் முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் வள்ளங்களில் வந்து இறங்கிய கரை இந்த மன்னார்க் கரை. இறங்கியவர்களுக்கு வண்டியில்லை. மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே ஏறக்குறைய 250 கிலோமீற்றர் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். பசியாலும் கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அத்தோட்டங்களிலே தேயிலையும் கொக்கோவும் நடப்பட்டன. நட்டவையும் பறித்தவையும் அதே கைகளும் அவற்றின் பிள்ளைகளின் கைகளுமே. 2023 இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் அப்பாதையிலே நடந்து சென்றதைப் பத்திரிகைகளிற் பலரும் படித்திருப்பர்.

தோழியின் பாட்டியார் கொக்கோத் தோட்டத்தில் வேலை செய்தவராம். காயை உடைத்து விதையெடுத்து, இலையால் மூடி ஐந்தாறு நாட் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டும் வேலை. "காய்க்குள்ள வெள்ளையா ஒரு சதை இருக்கும். சின்ன வயசுல அதைச் சூப்பிச் சூப்பித் துப்புவோம்னு பாட்டி சொல்லும். சொக்கலேற் எப்படியிருக்கும்னு அதுக்கு ரொம்ப காலம் தெரியாது" என்றாள் அவள். தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பியதும், "நாளைக்கு விடியப்புறம் எழும்புங்கோ. வெயில் ஏற முந்திச் செய்து முடிப்பம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் நடந்ததை, வீட்டிலே செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காகச் சிறிது விரிவாகவே எழுதுகின்றேன்.

தேங்காய்த் துருவலிலே கையளவு வெந்நீர் மாத்திரம் தெளித்துப் பிழிந்து, கெட்டியான முதற்பால் 60 மில்லிலீற்றர் எடுத்தார். குட்டானிலிருந்த பனங்கட்டியிலே 30 கிராம் அளவு சீவி அதிலே போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, மெல்லிய நெருப்பில் வைத்தார். பனங்கட்டி கரைந்து, பால் ஓரத்திலே நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டாற் பால் திரைந்துபோகும். இறக்கியதைத் துணியில் வடித்தார். கருப்பநீர் இறக்கும் முட்டியிலே, அது புளித்துக் கள்ளாகாதிருக்கச் சுண்ணாம்பு தடவுவது வழக்கமாதலால், பனங்கட்டியின் அடியிலே சில வேளை அதன் வண்டல் இருக்கும்.

200 கிராம் கறுப்புச் சொக்கலேற்றை முன்னரே பொடியாக வெட்டி, ஈரமில்லாத கிண்ணத்திலே வைத்திருந்தோம். ஈரமில்லாத என்பதை அழுத்திச் சொல்கின்றேன். உருகும் சொக்கலேற்றிலே இரண்டு துளி தண்ணீர் விழுந்தாலும் அது மணல்போலத் திரண்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், நிறையப் பால் ஊற்றினால் அவ்வாறு திரள்வதில்லை, துளிதான் கெடுக்கும். சூடான பாலை மேலே ஊற்றி இரண்டு நிமிடம் கைபடாமல் விட்டுவிட்டு, பின் நடுவிலிருந்து மெல்ல மெல்லக் கலக்கினால் கண்ணாடிபோலப் பளபளக்கும் கூழாகும். எண்ணெய் பிரிந்து நின்றாற் பதற வேண்டாம். இளஞ்சூடான தேங்காய்ப் பால் ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

வாசனைக்கு எதையும் சேர்க்கலாம். கிண்ணத்தை மூன்றாகப் பகிர்ந்து ஒன்றில் ஏலப்பொடி, ஒன்றில் வேர்க்கொம்புத் தூள், ஒன்றில் கெட்டிக் கோப்பிச் சாறு அரைத் தேக்கரண்டி சேர்த்தோம். என் நாவுக்கு வேர்க்கொம்பே சிறந்தது. பனங்கட்டியின் புகைமணமும் கொக்கோவின் கசப்பும் வேர்க்கொம்பின் காரமும் ஒன்றையொன்று நன்கு அறிந்தவைபோலச் சேர்கின்றன. சீனியில் அந்தப் புகைமணம் ஒருபோதும் வராது. இரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் இறுகியபின், உள்ளங்கையிலே தேங்காயெண்ணெய் தொட்டு நெல்லிக்காயளவு உருட்டி, கொக்கோத் தூளிலும் வறுத்த தேங்காய்ப் பூவிலும் புரட்டினோம். இருபத்துநான்கு உருண்டைகள் கிடைத்தன. தேங்காய்ப் பால் சேர்ந்தபடியாற் குளிரில் வைத்தாலும் மூன்று நாளைக்குள் தின்றுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கவலை எழவில்லை. அயல்வீட்டுப் பிள்ளைகள் மணம் பிடித்து வந்துவிட்டனர்.

ஆனால் மாத்தளைவரை ஒரு பகல் முழுதும் பஸ்ஸிலே இது தாங்குமா? தாங்காது. தமக்கையார் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எள்ளுப்பாகு பிடிக்கிற மாதிரிப் பிடிச்சால் என்ன?" என்றார். எள்ளை வறுத்து உரலில் இடித்து, வறுத்த உழுத்தம்மாவும் பனங்கட்டியும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டைதான் எங்கள் எள்ளுப்பாகு. வறக்காப்பொல வீதியோரத்திலே கடதாசியிற் சுற்றி விற்கும் 'தலகுலி' அதற்குச் சிங்களச் சகோதரி. மிச்சமிருந்த சொக்கலேற்றிலே அதே அளவிற் கூழ் காய்ச்சி, இடித்த எள்ளு 50 கிராமும் வறுத்த உழுத்தம்மா இரண்டு மேசைக்கரண்டியும் போட்டுப் பிசைந்தார். கூழ் களியாயிற்று, களி கையில் நின்றது. எண்ணெயை மா உறிஞ்சிக்கொள்வதால் வெயிலில் இளகினாலும் உருக்குலையாது என்பது அவர் கணக்கு. ஒவ்வொன்றையும் கடதாசியிற் சுற்றி, பனையோலைப் பெட்டியிலடுக்கி, மூடியைக் கட்டிக் கொடுத்தார்.

தோழி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னோர் நடந்த பாதையிலே பஸ்ஸில் போனாள்.

மூன்றாம் நாள் தொலைபேசியிற் செய்தி வந்தது. உருண்டைகள் சிறிது நசுங்கியே போய்ச் சேர்ந்தனவாம். பாட்டி இரண்டு தின்றுவிட்டு, "எள்ளு நல்லாத்தான் இருக்கு. கொக்கோ ஏன் இப்படிக் கசக்குது?" என்று கேட்டாராம். பிறகு, உள்ளேயிருக்கும் கருப்பட்டி எந்த ஊருக் கருப்பட்டி என்று விசாரித்து, அதை மாத்திரம் தனியாக அனுப்ப முடியுமா என்றும் கேட்டாராம்.

நான் புறப்படும்போது தமக்கையார் முற்றத்திலே உட்கார்ந்து, நல்ல குட்டான்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.