நாடி பிடிபடாத மாமா

எங்க பக்கத்துல யாருக்கும் மயக்கம்னா முதல்ல கையைப் பிடிச்சு நாடி பார்ப்பாங்க. தேவகோட்டைப் பக்கம் இருக்கிற என் மாமாவிடம் அது பலிக்காது. அவருக்கு நாடி கைக்குப் பிடிபடாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மோட்டார் ஓடுற ரீங்காரம்தான் கேட்கும்.

பலவீனமான இதயத்தின் இடது கீழறையோடு ஒரு சின்ன பம்பைப் பொருத்தியிருக்காங்க. எல்விஏடி என்பார்கள். சென்னையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் போன்றவர்கள் இதைச் செய்கிறார்கள். மாமாவுடையது ஹார்ட்மேட் 3. நம்ம போர் மோட்டார் நிமிஷத்துக்கு 2,900 சுற்றுக்குள்ள சுத்தும்; இது 5,000-க்கும் மேல, அதுவும் காந்த விசையில் மிதந்துகொண்டே. ரத்தம் இடைவிடாமல் ஓடுவதால்தான் துடிப்பு தெரிவதில்லை.

வயிற்றைத் துளைத்து ஒரு வயர் வெளியே வருது. எல்லா வம்பும் அந்த ஓட்டையில்தான். அழுக்குத் தண்ணி பட்டால் சீழ் பிடிக்கும். அதனால் கம்மாயில் முங்கிக் குளிப்பது ஆயுசுக்கும் கிடையாது. கண்மாய்த் தண்ணியிலேயே வளர்ந்த மனுசனுக்கு அதுதான் பெரிய தண்டனை. கையைச் சுத்தம் பண்ணி, மாஸ்க் போட்டு, அத்தைதான் கட்டு மாத்துறாங்க.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. குறைந்தால் பம்பில் கட்டி, பக்கவாதம். கூடினால் குடலில் ரத்தக்கசிவு, மலம் கறுப்பாகப் போகும். முருங்கைக்கீரையை விடச் சொல்லவில்லை. ஒரு நாள் சட்டி நிறைய, மறுநாள் ஒண்ணுமில்லைன்னு இருக்கக்கூடாதாம்.

மாசக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் காலில் சதையே இல்லை. முதலில் கட்டிலில் இருந்து எழுந்து உட்கார, அப்புறம் பத்தடி, இப்போ தெருமுனை வரை. நாடியை எண்ண முடியாததால் மூச்சுதான் கணக்கு: பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் உட்காரணும்.

நான் பயப்படுவது கோடைக்குத்தான். கிணத்துல தண்ணி இறங்கினா மோட்டார் காத்தை இழுக்குமே, அதே கதைதான். உடம்பில் நீர் வற்றினால் பம்புக்கு உறிஞ்ச ரத்தம் போதாது. இதயச் சுவரையே இழுக்கும், அலாரம் அடிக்கும். ஆனா எவ்வளவு குடிக்கலாம்னும் அளவு உண்டு. சித்திரை வெயிலில் நம்ம ஊரில் அந்த அளவைப் பிடிப்பது லேசா?

மோமெண்டம் 3 ஆய்வில் இந்தப் பம்பு வைத்தவர்களில் 100-க்கு 58 பேர் 5 வருசம் தாண்டியிருக்கிறார்கள். பழைய ஹார்ட்மேட் 2-வில் 44.

தோளில் எப்பவும் ரெண்டு பேட்டரி. கரண்டு போகும் முன்னாடியே அத்தை அடுத்த ஜோடியைச் சார்ஜில் போட்டு, சுவரில் சாக்பீஸால் நேரம் எழுதி வைக்கிறாங்க. 108-ல் வருகிறவர்களுக்காக இன்னொரு வரியும் கீழே எழுதியிருக்கு: "நாடி இருக்காது. ஸ்டெதாஸ்கோப் வச்சுக் கேளுங்க."