மாலைக்கு வந்த மோர்மிளகாய்

எங்கள் கல்யாணத்துக்கு என் மாமனார் 500 தாம்பூலப் பை அடித்தார். வந்த கூட்டம் போக 160 மீந்துவிட்டது. மஞ்சள் துணி, ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் எங்கள் இருவர் பெயரும் வைகாசி மாதத்துத் தேதியும். குரோம்பேட்டையில் நாங்கள் குடிபோன ஒன்றரை அறை வீட்டில் பீரோ, அலமாரி, பரண் எல்லாமே இந்தப் பைகள்தான். வெங்காயம் ஒன்றில், கரண்ட் பில் ஒன்றில், எந்தச் சாதனத்துக்கு என்று தெரியாத சார்ஜர்கள் ஒன்றில். ஆணி கண்ட இடத்திலெல்லாம் எங்கள் பெயர் தொங்கியது. ரெண்டு வெங்காயம் எடுக்கப் போனாலும் கல்யாணப் பத்திரிகையை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அந்த 160-இல் ஒரு பையால்தான் 2024 ஆடிப்பெருக்கு அன்று திருவையாற்றுப் படித்துறையில் என் மானம் போனது.

நான் திருநெல்வேலிக்காரன். குறுக்குத்துறையில் நீச்சல் பழகியவன். ஆறு என்றால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பூகோளம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி இன்னொரு மாநிலத்தின் தயவை எதிர்பார்ப்பதில்லை. நிச்சயம் முடிந்த புதிதில் என் மனைவியாகப் போகிறவளிடம் போனில் இந்தப் பெருமையை அளந்துவிட்டு, "தண்ணி வர்றதுக்கு விழா எடுக்கீங்கன்னா, மத்த நாள்ல வராதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவைத்தேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. காவிரிக் கரைக்காரர்களுக்கு வாய் நீளம், ஆறுதான் குட்டை என்ற என் அபிப்பிராயம் அப்போதே உறுதிப்பட்டது.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது இரண்டு ஊரிலும் உள்ள வழக்கம்தான். சித்திரை வெயிலில் பிரசவம் வந்துவிடக் கூடாது என்ற கணக்கு. அவள் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். காலை 7 மணிக்குக் கிளம்புவாள். எனக்கு மதியம் 2 மணி ஷிப்ட். வீடு திரும்ப நள்ளிரவாகும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகள்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. 'மாவு கரைத்து வைத்திருக்கிறேன்' என்று அவள் எழுதினால், உப்புப் போட்டாயிற்றா என்பது அதில் இருக்காது. நானும் போட்டுவிடுவேன். ஒரு வாரம் மூன்று நாள் கடல் தண்ணீரில் அவித்த இட்லி. அவள் அம்மா ஆடி அழைப்புக்குப் போன் செய்தபோது, "எங்களை ஆபீஸே பிரிச்சுதாம்மா வெச்சிருக்கு. நீ தனியா வேற பிரிக்க வேணாம்" என்றாள். கடைசியில், ஆடி 18-க்கு மட்டும் ஜோடியாக வருவதென்று முடிவாயிற்று.

அதிலும் சிக்கல். அந்த வருஷம் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு ஆடி அமாவாசை. "அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் நீதானய்யா விடணும்" என்றாள் என் அம்மா. "தலையாடிக்கு வந்த மாப்பிள்ளை மத்தியானமே கெளம்பினா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் மாமியார். இரண்டு அம்மாக்களும் நேரடியாக ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் இருவரையும் தபால்காரர்கள் ஆக்கி நான்கு நாள் சண்டை நடந்தது. சனிக்கிழமை பகல் சாப்பாடு ஆற்றங்கரையில், அதன்பிறகு நேரே திருநெல்வேலி என்று சமாதானம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் ஐந்து பாலம். ஒவ்வொன்றிலும் மாமனார் கையை வெளியே நீட்டிப் பெயர் சொன்னார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. "எங்க ஊர்ல ஒண்ணு போதும் மாமா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காலைப் பலகாரத்தோடு தட்டில் அசோகா வைத்தார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து, நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய பண்டம். நன்றாகவே இருந்தது. ஆனால் மச்சான் அதை 'அசோகா அல்வா' என்றுவிட்டான். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டிப் பாலெடுத்து, தெளியவைத்துக் கிண்டுவதுதான் அல்வா. பருப்பில் செய்தால் அது பொங்கலின் தங்கச்சி என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே மாமனார் சொன்னார்: "டிசம்பர்ல உங்க ஆறு வீட்டுக்குள்ளயே வந்துச்சாமே மாப்ள."

உண்மைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அம்மா இரண்டு நாள் மாடிவீட்டில் இருந்தாள். மேற்கொண்டு நான் அசோகாவைப் பேசாமல் தின்றேன்.

படித்துறைக்குப் போகும்போது வெள்ளத்தைப் பார்க்கத் தயாராகத்தான் இருந்தேன். ஒரு வாரமாக டிவியில் அதுதான். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருஷம் தண்ணீர் இல்லாமல் அன்றைக்குத் திறக்கவே இல்லை. ஜூலை தொடக்கத்தில் 40 அடிக்குப் பக்கத்தில் கிடந்த அணை, கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 30-இல் 120 அடியைத் தொட்டுவிட்டது. விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறுகிறது என்று செய்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். மேட்டுப் பக்கத்து ஊர்களில் ஆற்றில் இறங்கவே தடை. புஷ்ய மண்டபத்துப் படியில் நின்று பார்த்தால், செம்மண் கரைத்த மாதிரி புதுத் தண்ணீர், காய்ந்த ஆகாயத்தாமரையையும் செருப்பு ஒன்றையும் சுமந்துகொண்டு சாதுவாகப் போகிறது. சிறுபிள்ளைகள் அதில் நின்று விளையாடுகிறார்கள்.

"அந்த ஒன்றரை லட்சம் எங்க மாமா?"

அவர் வடக்கே கை காட்டினார். முக்கொம்பிலேயே ஆறு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வயலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இந்தப் பக்கம். மிச்ச வெள்ளம் கொள்ளிடத்தில். "கொள்ளும் இடம்னுதானே பேரே. அவ்வளவையும் இதுல விட்டா நம்ம கரை தாங்குமா?" சில மைல் தள்ளி ஒரு பேராறு கரைபுரண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, இங்கே தண்ணீர் வந்து அதிக நாளாகாத ஆற்றுக்கு ஊரே சேர்ந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. இது எனக்குப் புரிபட நேரம் எடுத்தது.

படி முழுக்க எங்களைப் போன்ற ஜோடிகள். பட்டுப்புடவை கசங்காமல் உட்காரத் தெரியாத பெண்கள், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடியே நிற்கும் மாப்பிள்ளைகள். வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, பழம், காதோலை, கருகமணி வைத்து, மாமியார் என் மனைவிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றினார். பிறகு கல்யாண மாலையை ஆற்றில் விட வேண்டும். சென்னையிலிருந்து அதை நான்தான் கொண்டுவந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பை. இரண்டு மாதம் காய்ந்த மாலை, கையில் எடுத்தால் கனமே இல்லை, சருகு சலசலக்கும். ரயிலில் யாரும் மிதித்துவிடக் கூடாதென்று இரவு முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன்.

அவள் பையின் முடிச்சை அவிழ்த்து இலையின் மேல் கொட்டினாள்.

மோர்மிளகாய்.

ஆனியில் வந்தபோது அம்மா கொண்டுவந்தது. அதே ஆணி, அதே பை, அதே சலசலப்பு. மஞ்சள் பிள்ளையாரின் காலடியில் அரைக் கிலோ மிளகாய் குவிந்து கிடந்தது. புளித்த மோர் வாசனை படித்துறையில் எழும்பியது. முதலில் சிரித்தவன் மச்சான். பக்கத்து ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று சிரிப்பு படிப்படியாக இறங்கி ஆறு வரை போனது. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை.

"திறந்து பாக்க மாட்டீங்களா?"

"வெளியில நம்ம பேருதானே போட்டிருக்கு..."

"வெங்காயப் பையிலயும் நம்ம பேருதான் போட்டிருக்கு."

கண்ணில் தண்ணீர் நின்றது. மாமியார் ஒன்றும் பேசாமல் மிளகாயைத் திரும்பப் பையில் அள்ளிப் போட்டார். அந்த மௌனம் தபாலாகத் திருநெல்வேலிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில், பேரன் பேத்திகளோடு வந்திருந்த ஒரு கிழவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் தண்டட்டி இல்லை, ஆனால் அது தொங்கிய துளை பெரிதாக இருந்தது. "அழுவாதடி. எங்க பெரியவனுக்குக் கண்ணாலமான வருசம் இந்த ஆத்துல மணல்தான் கெடந்துச்சு. போர்செட்டுத் தண்ணியக் கொடத்துல கொண்டாந்து மணல்ல ஊத்தி, அதுல மாலைய வெச்சுட்டுப் போனோம். மறாநாளு வந்து பாத்தா ஆடு தின்னுக்கிட்டு நிக்கிது. ரெண்டாவது மருமவ வெவரம். பரண்ல போட்டு வெச்சிருந்து, மறு வருசம் கைப்புள்ளையோட வந்து விட்டா" என்றாள்.

"தண்ணியே இல்லன்னாலும் வருவீங்களா ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஆச்சியா? தெக்கத்திப் புள்ளையா நீ?" மேலும் கீழும் பார்த்தாள். "சரக்கு தீந்துட்டா திரும்பிப் போறதுக்கு இது என்ன ஓட்டலா?"

என் கையைப் பிடித்திழுத்து மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டு, காப்பரிசியை உள்ளங்கையில் வைத்தாள். ஊறிய பச்சரிசியும் வெல்லமும் எள்ளும். மெல்ல நேரமானது; பேசாமல் இருக்க அது ஒரு சாக்கு.

சாப்பாட்டு வேளையில்தான் காற்று திரும்பியது. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், எள்ளு என்று நான்கு சாதமும் முடிந்து தயிர்சாதத்துக்கு வந்தபோது, மாமியார் கட்டியிருந்த மாவடுவைக் காணோம். வீட்டு வாசலிலேயே மறந்திருக்கிறார். அதாவது, அன்றைக்குப் பையைக் கோட்டைவிட்டது நான் மட்டும் இல்லை. இதை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு எனக்கும் இரண்டு மாதத்தில் புத்தி வந்திருந்தது. மச்சான் எழுந்து, ஒரு கை மோர்மிளகாயை அள்ளிக்கொண்டு கரைமேல் இருந்த பஜ்ஜிக் கடைக்கு ஓடினான். ஐந்து நிமிஷத்தில் கடைப் பக்கமிருந்து ஊரே இருமியது. தினத்தாளில் எண்ணெய் ஊறி, தோல் கறுத்து உப்பிய மிளகாய்கள் வந்தன. கிழவிக்கு நாலு, பக்கத்து ஜோடிக்கு நாலு என்று அவனே விநியோகம் செய்தான்.

மாமியார் ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளாமல் நுனியில் கடித்தார். தயிர்சாதம் ஒரு வாய். மறுபடி மிளகாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இலை முடிவதற்குள் இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதுக்குக் கை போனபோது, என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக் கேட்டார்: "மோர்ல உங்கம்மா வெந்தயம் போடுவாங்களா?"

"தெரியல அத்தை. கேட்டுச் சொல்றேன்."

"வேணாம். நானே கேட்டுக்கிறேன்."

என் மனைவி மட்டும் மிளகாயைத் தொடவில்லை. மதுரை வரை பேசவும் இல்லை. நான் தூங்குவதுபோல் நடித்தேன். அவள் தூங்குவதுபோல் நடிக்கவும் இல்லை.

விடியற்காலம் குறுக்குத்துறையில் அமாவாசைக் கூட்டம். படிக்குப் படி எள்ளும் தர்ப்பையும். அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டுவிட்டு நிமிர்ந்தேன். காலடியில் கூழாங்கல் தெரியும் தண்ணீர். அவள் மேல்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். ஏதாவது பாராட்டு வரும் என்று பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து பாலத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தையாவது எனக்குச் சேர வேண்டியிருந்தது.

"எல்லாரும் வந்த வேலைய முடிச்சுட்டு ஓடறாங்க. ஒருத்தர்கூடத் தண்ணியப் பாக்கல" என்றாள்.

நானும் ஈரக் கையோடு போனில் மாலை ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே ஓடுகிற ஆறு; சும்மா உட்கார்ந்து பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. கரையோரம் கெண்டைக் குஞ்சுகள் எங்கள் கால் நிழலுக்கு வந்து ஒதுங்கின. அவள் தன் கையிலிருந்த மஞ்சள் நூலைத் திருகிக்கொண்டே, "வெந்தயம் போடறதில்லையாம். காலைல எங்கம்மா உங்கம்மாகிட்ட பேசிட்டாங்க" என்றாள். இருபது நிமிஷம் பேசினார்களாம். தபால்காரர்களுக்கு வேலை போய்விட்டது.

திங்கட்கிழமை நான் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். வீட்டிலிருந்த பைகள் எல்லாவற்றிலும் எங்கள் பெயருக்குக் கீழே கறுப்பு மார்க்கரால் எழுத்து. வெங்காயம். கரண்ட் பில். என்னவென்று தெரியாத ஒயர். கதவுக்குப் பின்னால் அந்த ஆணியில் இப்போது ஒரு பைதான் தொங்கியது. கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். ரோஜா துருப்பிடித்த நிறத்தில் சுருண்டிருந்தது. சரிகை மட்டும் வாங்கின அன்று போலவே மின்னியது. பையின் மேல் 'ஆடி 18' என்று எழுதி, அதன் கீழே ஃபிரிட்ஜ் சீட்டில் எழுதுகிற அதே கையெழுத்தில்: 'திறந்து பார்த்துவிட்டு எடுக்கவும்.'